தேடித் தின்னும் யானை: கோயில் யானையின் உடலுக்கும் மனத்துக்கும் வேலை கொடுப்பது எப்படி

யானை வளர்ப்பின் பல நிலைகளைத் திருச்சி வட்டாரத்தில் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயிலில் ஆண்டாள், லட்சுமி என்று இரண்டு யானைகள். திருவானைக்காவல் ஜம்புகேசுவரர் கோயிலில் அகிலா. மலைக்கோட்டை தாயுமானவர் கோயிலில் மற்றொரு லட்சுமி. சென்னை நெடுஞ்சாலைப் பக்கம் எம்.ஆர்.பாளையம் காப்புக்காட்டில், வனத்துறையின் யானைகள் மறுவாழ்வு மையம் 2019 முதல் இயங்குகிறது. இந்த யானைகளுக்குத் தீனிப் பஞ்சம் கிடையாது. கால்நடை மருத்துவர் பார்க்கிறார், பாகன் உடனிருக்கிறார், ஊர் மக்கள் பிள்ளைபோலக் கொண்டாடுகிறார்கள். இவ்வளவும் இருந்தும், நாடெங்கும் கோயில் யானைகளிடம் மூன்று தொல்லைகள் தொடர்ந்து தலைகாட்டுகின்றன: உடல் பருமன், பாத நோய், நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் உடலை ஆட்டிக்கொண்டிருக்கும் பழக்கம். மூன்றையும் தனித்தனிக் குறையாகக் கருதி, ஒன்றுக்குப் பத்தியம், ஒன்றுக்கு மருந்து, ஒன்றுக்குச் சங்கிலி என்று கையாள்வதே வழக்கமாக இருக்கிறது. மூன்றையும் வளர்க்கும் பொதுக் காரணம் ஒன்று உண்டு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். நாம் யானைக்கு உணவைக் கொடுக்கிறோம். உணவைத் தேடும் வேலையை அதனிடமிருந்து எடுத்துவிடுகிறோம். அந்த வேலையைத் திருப்பிக் கொடுப்பதுதான் சிறந்த உடற்பயிற்சி, சிறந்த மனப்பயிற்சியும் அதுவே. பாகன், கோயில் நிர்வாகம், பக்தர் ஆகிய மூவருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

யானையின் நாள் எதனால் ஆனது

காட்டில் ஒரு யானை நாளொன்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வரை தின்பதற்கே செலவிடுகிறது. தின்பதில் பாதிக்கும் குறைவாகவே அதற்குச் செரிக்கிறது. ஆகவே நூற்றைம்பது கிலோவுக்கும் மேற்பட்ட பசுந்தீனி வேண்டும். அந்தத் தீனி ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. புல்லைப் பிடுங்கி, முன்னங்காலில் தட்டி மண்ணை உதிர்க்க வேண்டும். கிளையை வளைத்து முறிக்க வேண்டும். பட்டையை உரிக்க வேண்டும், மூங்கில் குருத்தை இழுக்க வேண்டும், எட்டாத காய்க்குத் தும்பிக்கையை நிமிர்த்த வேண்டும். எந்த மரம் எந்த மாதம் காய்க்கும், எந்தப் பள்ளத்தில் கோடையிலும் தண்ணீர் நிற்கும் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். நடையும், தசையின் உழைப்பும், நினைவும், முடிவெடுப்பும் இந்த ஒரே செயலுக்குள் பின்னிக் கிடக்கின்றன. கோயிலின் யானைக் கொட்டாரத்தில் இதே தீனி வெட்டிக் கட்டாக வருகிறது. கவளம் உருட்டி வாயில் ஊட்டப்படுகிறது. பல மணி நேர வேலை சில மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. மிச்சமுள்ள நேரத்துக்கு யானையிடம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அந்த வெற்று நேரத்தில்தான் ஆட்டம் தொடங்குகிறது. மேளத்துக்கு யானை ஆடுகிறது, சந்தோஷமாக இருக்கிறது என்று பக்தர்கள் அதைப் படம் பிடிக்கிறார்கள். மேளம் ஓய்ந்த பின்னும், ஆளில்லாத கொட்டாரத்திலும் அதே அசைவு தொடர்ந்தால் அது சந்தோஷத்தின் அடையாளம் ஆகாது.

உயிரியல் பூங்காக்காரர்கள் 'சூழல் செறிவூட்டல்' என்று சொல்லும் முறை இந்த வெற்று நேரத்தைப் பொருளுள்ளதாக்கும் முயற்சி. வட அமெரிக்க உயிரியல் பூங்கா யானைகளைப் பற்றி 2016-இல் வெளிவந்த விரிவான ஆய்வுத் தொகுப்பு நமக்கு நேரடியாக உதவும். அந்த யானைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அளவுக்கு மீறிய எடையோடு இருந்தன. எவற்றுக்கு அந்த ஆபத்து குறைவாக இருந்தது என்று பார்த்தபோது இரண்டு காரணிகள் தெரிந்தன. ஒன்று, வாரத்துக்குப் பதினான்கு மணி நேரமோ அதற்கு மேலோ ஆள் உடன்சென்று நடத்திய நடை. மற்றொன்று, எப்போது வரும் என்று யானையால் ஊகிக்க முடியாத தீனி நேரம். அதே தொகுப்பில் நடைதூரத்தை அளந்தவர்கள், யானைகள் சராசரியாக நாளுக்கு ஐந்தரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நடப்பதாகக் கண்டார்கள். தீனி தரும் முறை மாறிக்கொண்டே இருந்த இடங்களில் நடையும் கூடியிருந்தது. யாரும் விரட்டாமலே, தீனியை வைக்கும் விதத்தை மாற்றினாலே யானை கூடுதலாக நடக்கும் என்பது கோயில் நிர்வாகங்களுக்கு நல்ல செய்தி. அதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை.

தீனியை வைக்கும் விதம்

முதல் மாற்றம் தவணை. காலையும் மாலையும் இரண்டு பெரும் குவியலாகப் போடும் அதே அளவுத் தீனியை எட்டு அல்லது பத்துப் பங்காகப் பிரிக்க வேண்டும். நேரத்தை நாளுக்கு நாள் மாற்ற வேண்டும். ஒரு பங்கை இரவுக்கென்று ஒதுக்குவது கட்டாயம். யானை மிகக் குறைவாகத் தூங்கும் விலங்கு. போட்ஸ்வானா காட்டில் இரண்டு தாய் யானைகளைக் கருவி பொருத்திக் கவனித்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில், அவை நாளுக்குச் சராசரியாக இரண்டு மணி நேரமே தூங்கின. வளர்ப்பு யானை இதைவிடக் கூடுதலாகத் தூங்கினாலும், நடை சாத்தியதிலிருந்து விசுவரூப தரிசனத்துக்குக் கோயில் திறக்கும்வரை உள்ள இரவின் பெரும்பகுதி அதற்கு விழிப்பு நேரம்தான். அந்த நேரத்தில் மெதுவாகத் தின்னக்கூடிய முரட்டுத் தீனி இருக்க வேண்டும். மட்டையோடு கூடிய பனையோலை, தென்னை மட்டை, ஆலங்கிளை, அரசங்கிளை, மூங்கில் ஆகியவை அதற்கு ஏற்றவை. உரித்தும் பிளந்தும் தின்ன வேண்டிய தீனி, வெட்டிய புல்லைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும்.

இரண்டாவது மாற்றம் இடம். தீனியைத் தரையில் ஒரே மூலையில் கொட்டாமல் வளாகத்தின் பல பக்கங்களில் சிதறி வைக்க வேண்டும். சில பங்கு உயரத்தில் தொங்கட்டும். கப்பியில் கயிறு போட்டு, தும்பிக்கையை முழுதாக நிமிர்த்தினால் மட்டும் எட்டும் உயரத்தில் கிளைக்கட்டை ஏற்றி வைத்தால் கழுத்துக்கும் தோளுக்கும் தும்பிக்கைக்கும் நல்ல உழைப்பு. சில பங்கு மணலுக்கு அடியில் புதைந்திருக்கட்டும். சில பங்கு கனத்த மரக்கட்டைகளுக்குப் பின்னால் இருக்கட்டும். கட்டையை உருட்டினால்தான் தீனி கிடைக்கும். தடித்த வலைப்பையில் புல்லைத் திணித்துக் கட்டினால் ஒவ்வொரு கொத்தாக உருவி எடுக்க வேண்டியிருக்கும். துளையிட்ட பீப்பாயை உருட்டினால் அவித்த கொள்ளு உருண்டை ஒன்றிரண்டு விழும்படி செய்யலாம். திருச்சி மண்ணுக்கென்றே ஒரு வசதி உண்டு. இது வாழை விளையும் பூமி. தேசிய வாழை ஆராய்ச்சி மையமே இங்குதான் இருக்கிறது. தார் வெட்டிய பின் வயலில் சாயும் வாழைமரத்தை முழுதாகக் கொண்டுவந்து போட்டால், யானை அதை மிதித்து, பிளந்து, மட்டை மட்டையாக உரித்துத் தண்டை எடுக்கும். அந்தத் தண்டில் குழி தோண்டி, வழக்கமான கவளத்தின் ஒரு பகுதியைத் திணித்து மூடிவைக்கலாம். பூச்சிமருந்து அண்மையில் அடிக்காத தோட்டத்து மரம்தானா என்று கேட்டு வாங்குவது மட்டும் முக்கியம்.

இங்கே நியாயமான ஒரு தடை எழும். வாயில்லா ஜீவனைச் சோற்றுக்குத் தவிக்க விடலாமா, வயிறார ஊட்டுவதுதானே புண்ணியம் என்று பக்தர்கள் கேட்பார்கள். இந்த முறையில் தீனியின் அளவு ஒரு கைப்பிடிகூடக் குறைவதில்லை. கிடைக்கும் வழி மட்டுமே மாறுகிறது. பல விலங்கினங்களில் நடந்த சோதனைகள் சொல்வது என்னவென்றால், பக்கத்திலேயே சும்மா உணவு கிடைத்தாலும், உழைத்துப் பெறும் உணவில் ஒரு பகுதியை விலங்குகள் விரும்பியே எடுக்கின்றன. தேடுவது அவற்றுக்குச் சுமையாக இல்லை என்பதற்கு அதுவே சான்று. அதோடு ஒரு பாதுகாப்பு விதியையும் கடைப்பிடிக்க வேண்டும். நாளின் அடிப்படைத் தீனியில் பாதிக்கு மேல் எப்போதும் எளிதில் எட்டும் இடத்தில் இருக்கட்டும், மீதிதான் புதிராகட்டும். கிழட்டு யானைக்கும், பல் தேய்ந்த யானைக்கும், நோயிலிருந்து மீளும் யானைக்கும் புதிரின் பங்கை இன்னும் குறைக்க வேண்டும். பக்தர்கள் கையால் தரும் வாழைப்பழமும் வெல்லமும் தேங்காயும் இந்தத் திட்டத்தைக் குலைப்பவை. அவற்றை நேரடியாக ஊட்ட விடாமல் ஓரிடத்தில் வாங்கி, மருத்துவர் சொன்ன அளவுக்கு உட்பட்டு, அன்றைய புதிருக்குள் வைக்கலாம். பக்தரின் காணிக்கை அப்போது யானைக்கு உண்மையாகப் பயன்படும்.

நடை: தூரமும் தரையும்

ஸ்ரீரங்கத்தில் நடை என்பது புதிதாகப் புகுத்த வேண்டிய ஒன்று இல்லை. வழிபாட்டிலேயே அது இருக்கிறது. ஐப்பசியில் அம்மா மண்டபம் காவிரிப் படித்துறையிலிருந்து தங்கக் குடத்திலும், மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்திலும் திருமஞ்சனத் தீர்த்தம் யானைமேல் வருகிறது. தினமும் ஆற்றுக்குப் போய் வருகிறதே, இதற்கு மேல் என்ன பயிற்சி வேண்டும் என்று நிர்வாகம் கேட்கலாம். அந்த நடை மதிப்புள்ளதுதான். ஆனால் அது ஒரே பாதை, ஒரே வேகம், ஒரே நேரம். வழியில் நின்று ஒரு கிளையை முறிக்கவோ மண்ணை முகரவோ அங்கே இடமில்லை. காலுக்கு வேலை கிடைக்கிறது, மற்ற உறுப்புகளுக்கும் மனத்துக்கும் கிடைப்பதில்லை. ஆகவே தீர்த்த நடையைக் கணக்கில் ஒரு பகுதியாக வைத்துக்கொண்டு, நாளுக்கு மொத்தம் இரண்டு மணி நேர நடை சேரும்படி இன்னொரு உலாவைச் சேர்க்க வேண்டும். மேலே சொன்ன வாரப் பதினான்கு மணி நேரத்துக்கு இது சரியாக வரும். இந்த இரண்டாவது உலாவில் பாகன் வழிகாட்டியாக இருந்தால் போதும். எங்கே நிற்பது, எதை முகர்வது, எந்தப் பக்கம் போவது என்பதை இயன்றவரை யானையே முடிவு செய்யட்டும்.

தரையைப் பற்றி இன்னும் கண்டிப்பு தேவை. யானையின் பாதம் கொழுப்பு மெத்தை கொண்ட நுட்பமான உறுப்பு. காட்டு மண் அதைச் சீராகத் தேய்த்து, விரிசலில் அழுக்குச் சேராமல் பார்த்துக்கொள்கிறது. கருங்கல் தளத்திலும் சிமெண்டுத் தரையிலும் சாணமும் மூத்திரமும் கலந்த ஈரத்தில் நாள் முழுதும் நிற்கும் பாதத்தில் நகம் வெடிக்கிறது, சீழ் பிடிக்கிறது, மூட்டு தேய்கிறது. வளர்ப்பு யானைகளின் உயிரைப் பறிக்கும் முதன்மைக் காரணங்களில் பாத நோயும் மூட்டு நோயும் அடங்கும். இதற்கு மருந்தை ஸ்ரீரங்கம் தீவு இரு பக்கமும் விரித்து வைத்திருக்கிறது. கொள்ளிடத்து மணலில் நடப்பது உறுதியான தளத்தில் நடப்பதைவிடத் தசைக்குக் கூடுதல் உழைப்பு, பாதத்துக்குக் குறைந்த அடி. கொட்டாரத்துக்குள்ளும் ஒரு பகுதியில் ஆற்று மணலை முழங்கால் ஆழத்துக்கு நிரப்பி, ஒரு பக்கம் மேடாகக் குவித்து வைத்தால் யானை அதில் சாய்ந்து படுக்கும், ஏறி இறங்கும். படுத்துத் தூங்காத யானை பலநேரம் தரையின் கடினத்தால்தான் படுப்பதில்லை. மலைக்கோட்டைச் சுற்றுப்புறம் போன்ற நெரிசலான கடைத்தெருப் பகுதிகளில் நடைக்கு விடியலுக்கு முந்தைய நேரத்தைத் தவிர வேறு வழியில்லை. திருச்சியின் கத்திரி வெயிலில் காலை எட்டு மணிக்குப் பிறகும் மாலை ஐந்து மணிக்கு முன்பும் யானையைத் தார்ச்சாலையில் இறக்கவே கூடாது. மனிதன் வெறுங்காலில் ஒரு நிமிடம் நிற்க முடியாத தரையில் யானையையும் நிறுத்தக் கூடாது என்பது எளிய சோதனை.

நடைக்கும் எல்லை உண்டு. புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று காலை நடையின்போதே சாலையில் சரிந்து உயிரிழந்தது தமிழ் மக்களை உலுக்கிய நிகழ்ச்சி. அதனால் நடையே ஆபத்து என்று முடிவுகட்டுவது பொருந்தாது. ஆனால், பல மாதம் நின்றே கழித்த யானையை ஒரே வாரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஏற்றக் கூடாது என்பதை நிர்வாகம் மனத்தில் கொள்ள வேண்டும். கால்நடை மருத்துவர் இதயம், மூட்டு, பாதம் மூன்றையும் பார்த்த பிறகு, பதினைந்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்குப் பத்து நிமிடம் கூட்டிக்கொண்டு போவதே முறை.

நீர், சேறு, புழுதி

யானைக்குக் குளியல் என்பது அழுக்கு நீக்கம் மட்டும் இல்லை. நகங்களை ஒட்டிய பகுதி தவிர அதன் தோலில் வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. காதை விசிறியும், நீரில் நனைந்தும், சேற்றைப் பூசியும்தான் உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. நீருக்குள் இறங்கும்போது பல டன் எடையின் பாரம் மூட்டிலிருந்து நீங்குகிறது. பருமனான யானைக்கும் மூட்டு வலி உள்ள யானைக்கும் இதைவிட நல்ல உடற்பயிற்சி இல்லை. திருவானைக்காவலில் அகிலாவுக்காக அண்மை ஆண்டுகளில் கோயில் வளாகத்துக்குள்ளேயே இறங்கிக் குளிக்கும் தொட்டியும் சேற்றுக் குளியலுக்கான இடமும் அமைத்தது மற்றக் கோயில்கள் பின்பற்றத்தக்க முன்மாதிரி. அங்கே அகிலா புரண்டு விளையாடிய காட்சிகளைத் தமிழகம் முழுவதும் மக்கள் பார்த்து மகிழ்ந்தார்கள். குழாய் நீரைப் பீய்ச்சி, பாகன் தேய்த்துவிடும் குளியலில் யானை வெறுமனே படுத்திருக்கிறது. தொட்டியில் அது தானே இறங்குகிறது, மூழ்குகிறது, நீரைப் பீய்ச்சுகிறது, விரும்பும்போது வெளியேறுகிறது. பயிற்சியும் விளையாட்டும் இந்த இரண்டாவது வகையில்தான் இருக்கின்றன.

காவிரியும் கொள்ளிடமும் பக்கத்திலேயே ஓடும்போது தொட்டி எதற்கு என்பது அடுத்த கேள்வி. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. அதற்கு முந்தைய கடும் கோடையில், யானைக்கு நீர் மிக அவசியமான மாதங்களில்தான், முக்கொம்புக்குக் கீழே இரண்டு ஆறுகளும் பெரும்பாலும் மணல்வெளியாகக் கிடக்கின்றன. வெள்ளக் காலத்திலோ கொள்ளிடத்தில் யானையை இறக்குவது ஆபத்து. ஆகவே ஆற்றை நம்பிய குளியல் ஆண்டின் ஒரு பகுதிக்கு மட்டுமே உதவும். தொட்டி கட்டுகிறவர்கள் படிக்கட்டுக்குப் பதில் வழுக்காத சரிவுப் பாதை அமைக்க வேண்டும். யானை படுத்தால் முக்கால் உடல் மூழ்கும் ஆழம் வேண்டும். நீரை மாற்ற வடிகால் வேண்டும். பக்கத்திலேயே களிமண் குழி ஒன்றும், குளித்து முடித்ததும் முதுகில் அள்ளிப் போட்டுக்கொள்ளப் புழுதிமண் மேடு ஒன்றும் இருக்கட்டும். குளிப்பாட்டிச் சுத்தமாக நிறுத்திய யானை உடனே மண்ணை வாரிப் பூசிக்கொண்டால் பாகனுக்கு மனம் வலிக்கலாம். வெயிலுக்கும் ஈ, உண்ணிக்கும் எதிராக அது தானே போட்டுக்கொள்ளும் காப்பு என்று அறிந்தவர் அதைத் தடுக்கமாட்டார். அலங்காரமும் நாமமும் சேவை நேரத்துக்கு உரியவை. மற்ற நேரத்தில் யானை மண்ணோடு இருக்கட்டும்.

புதிரும் துணையும்

ஆசிய யானையின் அறிவைப் பற்றி ஆய்வுகள் காட்டியிருப்பதைப் பார்த்தால் கொட்டாரத்தின் வெறுமை இன்னும் உறுத்தும். நியூயார்க் பிராங்க்ஸ் பூங்காவின் ஹேப்பி என்ற யானை கண்ணாடியில் தெரிவது தானே என்று அறிந்துகொண்டதை 2006-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். தாய்லாந்தில் இரண்டு யானைகள் ஒரே நேரத்தில் கயிற்றின் இரு முனைகளையும் இழுத்தால்தான் தீனி கிடைக்கும் என்ற சோதனையில், துணை யானை வந்து சேரும்வரை மற்றது காத்திருந்தது 2011-இல் பதிவாயிற்று. அதே ஆண்டு, வாஷிங்டன் பூங்காவின் கந்துலா என்ற இளம் யானை, எட்டாத கிளையைப் பறிக்கப் பெட்டி ஒன்றைத் தானே உருட்டி வந்து மேலே ஏறி நின்றதும் பதிவாயிற்று. இப்படிப்பட்ட மூளைக்கு நாள் முழுதும் நாம் தரும் வேலை ஆசீர்வாதம் செய்வது ஒன்றுதான் என்றால் அது போதாது. வாரத்தில் மூன்று நாளாவது ஒரு புதிய பொருள் கிடைக்கட்டும்: உள்ளே கம்பியில்லாத பெரிய டயர், கனத்த மரக்கட்டை, மூங்கில் கூடை, பழக்கமில்லாத மணமுள்ள வேப்பங்கொத்து அல்லது வெட்டிவேர்க் கட்டு. மூன்று நாளைக்கு மேல் ஒரே பொருள் கிடந்தால் அதன் பயன் தீர்ந்துவிடும். எடுத்து வைத்துவிட்டுச் சில வாரம் கழித்துத் திரும்பப் போட வேண்டும். நைலான் கயிறு, பிளாஸ்டிக் பை, ஆணி, மெல்லிய கம்பி எதுவும் அண்டக் கூடாது.

ஆண்டாள் தும்பிக்கையால் மவுத் ஆர்கன் வாசிப்பதை, 2024 ஜனவரி 20 அன்று பிரதமர் ஸ்ரீரங்கம் வந்தபோது நாடே பார்த்தது. இத்தகைய செயல் யானைக்கு நல்லதா என்று கேட்பவர்களுக்கு விடை, அதைத் தொடங்கவும் நிறுத்தவும் யானைக்கு உரிமை இருக்கிறதா என்பதில் இருக்கிறது. விரும்பினால் எடுத்து ஊதலாம், விரும்பாவிட்டால் போட்டுவிடலாம், போட்டுவிட்டால் தண்டனை இல்லை என்ற நிலையில் எந்தக் கருவியும் நல்ல விளையாட்டுப் பொருளே. அதே வெகுமதி முறையை மிகப் பயனுள்ள இடத்துக்கும் கொண்டுபோகலாம். காலைத் தூக்கி வைத்து நகம் சீவ விடுவது, வாயைத் திறந்து பல் காட்டுவது, காது நரம்பில் ரத்தம் எடுக்க அசையாமல் நிற்பது ஆகியவற்றை, ஒரு சிறு பழத் துண்டை வெகுமதியாக வைத்து, அங்குசம் இல்லாமலே கற்பிக்க முடியும். பத்து நிமிடப் பயிற்சி நாளுக்கு இருமுறை போதும். யானைக்கு மூளைக்கு வேலை, மருத்துவருக்குப் பாதுகாப்பு, பாகனுக்கு நம்பிக்கை என்று மூன்று பயன்கள் அதில் கிடைக்கின்றன.

இவை எல்லாவற்றுக்கும் மேலான ஊட்டம் இன்னொரு யானை. வட அமெரிக்க ஆய்வுத் தொகுப்பிலும், தனியே அடைபட்டுக் கழிக்கும் நேரம் கூடக் கூட ஆட்டப் பழக்கம் கூடியது. ஸ்ரீரங்கத்தில் இரண்டு யானைகள் இருப்பது பெரும் வாய்ப்பு. இருவரும் இணக்கமாக இருந்தால், ஒருவரை ஒருவர் தொட்டு முகரும்படி ஒரே வளாகத்தில், குறிப்பாக இரவில், வைத்திருக்கலாம். காஞ்சிபுரத்தைச் சேர்ந்த சந்தியா, ஜெயந்தி, இந்து மூன்றும் 2019-இல் எம்.ஆர்.பாளையத்துக்கு ஒன்றாகவே வந்தன. துணையைப் பிரிக்காமல் இடம் மாற்றலாம் என்பதற்கு அது சான்று. தனித்து வாழும் கோயில் யானைகளுக்கு, அறநிலையத் துறையும் வனத்துறையும் ஒத்துழைத்தால், குறிப்பிட்ட நாள்களில் மற்றொரு யானையைச் சந்திக்க வழி செய்ய முடியும். முதல் சந்திப்புகள் மருத்துவர் முன்னிலையில், இடையே உறுதியான தடுப்போடு நடக்க வேண்டும். காசநோய்ப் பரிசோதனை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பாகனும் பாதுகாப்பும்

சங்கிலியைத் தளர்த்தி, யானைக்கு முடிவெடுக்கும் உரிமை கொடுத்தால் ஆளைக் கொல்லாதா என்ற அச்சத்தை அலட்சியம் செய்ய முடியாது. சமயபுரம் மாரியம்மன் கோயிலில் 2018 மே மாதம் மசினி என்ற இளம் யானை தன் பாகனைக் கோயிலுக்குள்ளேயே கொன்றது. பிறகு முதுமலைக்குக் கொண்டுபோகப்பட்ட மசினி, 2023-இல் அங்கும் ஒரு பாகனின் உயிரைப் பறித்தது. திருச்செந்தூரில் 2024 நவம்பரில் தெய்வானை தாக்கி இருவர் இறந்தார்கள். யானை மென்மையான விலங்கு என்று எண்ணி நெருங்குவது எவ்வளவு தவறோ, இடத்தை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவதும் அவ்வளவு தவறு என்பதை இவை கற்பிக்கின்றன. ஆனால் இந்த அத்தியாயம் சொல்லும் முறை மனிதனை யானைக்கு அருகே கொண்டுபோவதில்லை. உறுதியான இரும்புத் தூண் வேலி போட்ட வளாகத்தில், ஆள் வெளியே நின்று தீனியை வைத்துவிட்டுக் கதவைத் திறக்கிறார். யானை சங்கிலியில்லாமல் உள்ளே தன் வேலையைப் பார்க்கிறது. நெருக்கமாக நிற்கும் நேரம் குறைகிறது, விபத்துக்கான வாய்ப்பும் குறைகிறது. வளாகம் அமைக்க முடியாத இடத்தில் சங்கிலி தவிர்க்க முடியாததாகலாம். அப்போதும் ஒரே காலில் நாள் முழுதும் போடாமல் காலை மாற்றி, நீளத்தைக் கூட்டி, கட்டப்படும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வருவது கடமை.

இவ்வளவு வேலைக்கு ஒரு பாகன் போதுமா என்பதும் உண்மையான தடை. போதாது. யானைக்கு ஒரு பாகன், ஒரு காவடி (உதவிப் பாகன்), தீனி தயாரிக்க ஓர் உதவியாள் என்று குறைந்தது மூவர் வேண்டும். பல கோயில்களில் பாகன் ஒருவரே இரவும் பகலும் விடுப்பின்றி நிற்கிறார்; களைப்பும் கடனும் உள்ளவரிடம் பொறுமையை எதிர்பார்க்க நமக்கு உரிமையில்லை. முறையான ஊதியம், வார ஓய்வு, காப்பீடு, குடியிருப்பு ஆகியவற்றைப் பாகனுக்குச் செய்வது யானைக்குச் செய்யும் முதல் நன்மை. தமிழ்நாட்டின் 2011-ஆம் ஆண்டு வளர்ப்பு யானைகள் மேலாண்மை விதிகள் உறைவிடம், தீனி, மருத்துவம், வேலை என எல்லாவற்றுக்கும் அடிப்படை வகுத்திருக்கின்றன. அவற்றை எட்டுவதோடு நிர்வாகம் திருப்தியடையக் கூடாது.

காட்டுக்கே அனுப்பிவிடலாமே

எல்லாவற்றிலும் கனமான தடை இதுதான்: யானையின் இடம் காடு, கோயிலில் என்ன செய்தாலும் அது ஒப்பனைதான், சிறையை அழகுபடுத்துவதால் சிறை நீடிக்கவே செய்யும். இந்த வாதத்தின் முதற்பகுதியை மறுக்க இயலாது. 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, ஐரோப்பியப் பூங்காக்களில் பிறந்த ஆசியப் பெண் யானையின் இடைநிலை ஆயுள் பத்தொன்பது ஆண்டை ஒட்டியது என்றும், மியன்மார் காடுகளில் மரம் இழுக்கும் வேலை செய்த யானைகளுக்கு அது நாற்பது ஆண்டைத் தாண்டியது என்றும் காட்டியது. அடைப்பு வாழ்க்கையின் விலை அது. அந்த மியன்மார் யானைகளும் மனிதனின் கட்டுப்பாட்டில்தான் இருந்தன என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வேலை நேரம் போக இரவில் அவை காட்டில் மேய்ந்தன, மற்ற யானைகளோடு கூடின. உரிமையாளர் யார் என்பதைவிட அந்த நாள் எப்படிக் கழிகிறது என்பதே உயிரைக் காக்கிறது. புதிதாக எந்த யானையும் கோயிலுக்கு வரக் கூடாது என்று ஒருவர் உறுதியாகக் கருதலாம். அப்போதும் இன்று கொட்டாரத்தில் நிற்கும் யானைக்கு இன்னும் பல ஆண்டு வாழ்வு மிச்சமிருக்கிறது. சிறு வயதிலிருந்தே மனிதரிடம் வளர்ந்த நடுவயது யானையைக் காட்டில் விட்டால் அது பெரும்பாலும் பிழைக்காது, ஊருக்குள் திரும்பிவரும். அரசு 2003-இல் முதுமலையில் தொடங்கி, பின்னர் மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் பவானிக் கரையில் நடத்திய 48 நாள் நலவாழ்வு முகாம், நடையும் குளியலும் துணையும் யானைக்கு எவ்வளவு தேவை என்பதை அரசே ஏற்றுக்கொண்டதன் அடையாளம். ஆனால் ஆண்டின் மீதி 317 நாளை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு முகாமில் விடை இல்லை. விடை அந்தந்தக் கோயிலின் கொட்டாரத்தில்தான் இருக்கிறது.

ஒரு நாளின் திட்டமும் குறிப்பேடும்

இதுவரை சொன்னதை ஒரு நாளாகக் கோத்தால் இப்படி அமையும். விடியலுக்கு முன் பாதம் பார்த்துச் சுத்தம் செய்து, காலைச் சேவையும் தீர்த்த நடையும். திரும்பியதும் சிதறி வைத்த பசுந்தீனி. வெயில் ஏறும்போது நிழலும் தொட்டியும் சேறும். உச்சி வேளையில் யாரும் தொந்தரவு செய்யாத ஓய்வு, பக்கத்தில் முரட்டுத் தீனி. பிற்பகலில் பத்து நிமிட வெகுமதிப் பயிற்சியும் ஒரு புதிரும். மாலையில் மணல்தரையில் விருப்ப உலா. இரவில் உயரத்தில் தொங்கும் கிளைக்கட்டு, உடைக்க வேண்டிய வாழைமரம், படுக்க மணல்மேடு. பக்தர் முன் நிற்கும் நேரம் இதற்கிடையே வரலாம். ஆனால் இவற்றில் எதையும் அது விழுங்கிவிடக் கூடாது.

திட்டம் பலிக்கிறதா என்பதை ஊகத்துக்கு விடாமல் குறிப்பேட்டில் பதிய வேண்டும். நாளுக்கு நான்கு முறை, ஒவ்வொன்றும் பத்து நிமிடம், யானை தின்கிறதா, நடக்கிறதா, விளையாடுகிறதா, ஆடிக்கொண்டிருக்கிறதா என்று காவடி குறித்தால் போதும். இரவு படுத்ததா என்பதை மறுநாள் உடலில் ஒட்டிய மண் சொல்லும். மாதம் ஒருமுறை எடை அல்லது உடல் சுற்றளவு, வாரம் ஒருமுறை நான்கு பாதங்களின் படம், தினமும் சாணத்தின் தன்மை. ஆட்டப் பழக்கம் பல ஆண்டு ஊறியிருந்தால் முழுதாக மறையாது. அது குறைந்துகொண்டே வந்தால் முறை சரியாகப் போகிறது. மூன்று மாதத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் தவணையையோ இடத்தையோ தரையையோ மாற்றிப் பார்க்க வேண்டும். பணமும் அனுமதியும் வந்த பிறகுதான் தொடங்க வேண்டும் என்று காத்திருக்கும் நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள்: தீனியை எட்டுப் பங்காகப் பிரிப்பது, இரவுக்கு முரட்டுத் தீனி வைப்பது, ஒரு வண்டி மணல் கொட்டுவது ஆகிய மூன்றுக்கும் புதிய உத்தரவு எதுவும் தேவையில்லை. இந்த வாரமே அவற்றைச் செய்யுங்கள்; தொட்டிக்கும் வேலிக்கும் கூடுதல் ஆளுக்குமான கோரிக்கையை அந்தக் குறிப்பேட்டுப் பதிவுகளோடு சேர்த்துத் துறைக்கு அனுப்புங்கள்.